லென்ஸ் வாங்கும் முன் மைதானத்தை அளந்து பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்தவை எல்லாம் விளையாட்டுப் படங்களுக்கான லென்ஸ் பற்றிய கேள்விகள். இனிமேல் எழுதுபவர்கள் கேமராவின் பெயரோடு இன்னும் இரண்டு விவரங்களையும் சேர்த்து எழுதுங்கள். ஆடுபவருக்கும் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவே எத்தனை மீட்டர்? அங்கே வெளிச்சம் எப்படி? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் எந்த லென்ஸ் என்பதில் முக்கால்வாசி முடிவாகிவிடும்.

கேள்வி: கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். மகள் ஓட்டப்பந்தயங்களில் ஓடுகிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தால் படத்தில் எறும்பு மாதிரி தெரிகிறாள். ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். 200 போதுமா, 300 வேண்டுமா, 600 வரை போக வேண்டுமா?

பதில்: ஏற்கெனவே எடுத்த படங்களிலேயே விடை இருக்கிறது. லென்ஸின் 55, 200 போன்ற எண்கள் மி.மீ.-இல் அதன் குவியத்தூரம்; எண் பெரிதானால் தூரத்தில் இருப்பவர் பெரிதாகத் தெரிவார். லென்ஸை 55-இல் வைத்து எடுத்த ஒரு படத்தைத் திறந்து, மகளின் உயரம் படத்தின் உயரத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று அளந்து பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டமாக எடுக்கும் படத்தில் ஓடுபவர் முக்கால் பங்கு உயரம் நிறைந்தால் நன்றாக இருக்கும். 0.75-ஐ 0.2-ஆல் வகுத்தால் 3.75. அதை 55-ஆல் பெருக்கினால் 206. அதாவது 200 மி.மீ. போதும். ஏழில் ஒரு பங்குதான் தெரிகிறாள் என்றால் கணக்கு 289-இல் வந்து நிற்கும், அப்போது 300. கிராப் சென்சாருக்கு எத்தனையால் பெருக்குவது, வகுப்பது என்ற குழப்பமே இந்த முறையில் கிடையாது.

கையில் படம் எதுவும் இல்லாதவர்களுக்கு ஒரு எளிய வழி: மீட்டரில் உள்ள தூரத்தோடு ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் என்றால் 200 மி.மீ., 40 மீட்டர் என்றால் 400. இது பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கான கணக்கு. அந்தத் தூரத்தில் படத்துக்குள் அடங்குவது 3.6 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும். ஓர் ஆள் கையைத் தூக்கிக் குதித்தாலும் கொள்ளும் அளவு அது. கிராப் சென்சார் என்றால் வந்த எண்ணை 1.5-ஆல் வகுங்கள், கேனான் கிராப் என்றால் 1.6-ஆல்.

எஃப் எண் சிறியதானால் லென்ஸின் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம் வரும். பகல் வெயிலில் நடக்கும் பந்தயம் என்றால் எஃப் 2.8 லென்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, எஃப் 5.6 என்று வைத்தாலே 1/3200 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கும். ஓட்டத்துக்கு 1/1000 தாராளம். 55-250, 70-300 வகையைச் சேர்ந்த இலகுவான ஜூம் லென்ஸே உங்களுக்குப் பொருத்தம். ஆனால் உள்ளே இருக்கும் மோட்டார் எது என்று பார்த்து வாங்குங்கள். கேனானின் 55-250-இல் பழைய மாடல்களும் இருக்கின்றன, எஸ்டிஎம் மோட்டார் உள்ளதும் இருக்கிறது, பின்னதே வேண்டும். நிக்கானில் ஏஎஃப்-பி என்று குறித்த 70-300 சுறுசுறுப்பானது, ஆனால் பழைய நிக்கான் கேமராக்கள் சிலவற்றில் அது ஃபோகஸே செய்யாது. உங்கள் கேமராவில் மாட்டி, ஃபோகஸ் ஆவதைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்குங்கள்.

கேள்வி: உள்ளரங்கில் பேட்மிண்டன் படம் எடுக்கிறேன். கேமரா கிராப் சென்சார் (1.5). லென்ஸ் 70-300, எஃப் 4.5-5.6. ஆட்டக்காரர் 12 மீட்டர் தூரத்தில் இருக்கிறார். ஐஎஸ்ஓ 6400 வைத்தும் 1/160 நொடிக்கு மேல் போக முடியவில்லை. கையும் மட்டையும் கரைந்துபோகின்றன. இதைவிட விலை உயர்ந்த 100-400 வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. 100-400 லென்ஸ்களும் நீட்டிய நிலையில் எஃப் 5.6-தான், சில அதைவிடவும் இருட்டு. உங்களுக்குக் குறைவது எட்டம் இல்லை, வெளிச்சம்.

12 மீட்டருக்கு ஃபுல் ஃபிரேம் கணக்கில் 120 மி.மீ. வேண்டும். உங்கள் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 128 போலப் பார்க்கும், அளவு எடுத்துத் தைத்த மாதிரி. 85 எஃப் 1.8 லென்ஸை எஃப் 2-இல் வைத்தால், எஃப் 5.6-ஐவிடக் கிட்டத்தட்ட 8 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே ஐஎஸ்ஓ 6400-இல் 1/160 இருந்த இடத்தில் 1/1250 கிடைக்கும். 1/640 போதும் என்றால் ஐஎஸ்ஓவை 3200-க்கு இறக்கலாம், படத்தில் நாய்ஸும் (புள்ளி புள்ளியான கரகரப்பும்) குறையும். ஜூம் செய்ய முடியாதே என்ற கவலை வேண்டாம். களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம்தான். ஆட்டக்காரர் எங்கே போவார் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு பக்கத்து ஆட்டக்காரரை மட்டும் குறிவைத்து நில்லுங்கள். மறுபக்கத்தவரை இடம் மாறிய பிறகு எடுக்கலாம்.

நிக்கான் வைத்திருந்தால் ஓர் எச்சரிக்கை. 85 எஃப் 1.8-இல் "டி" என்று முடியும் பழைய லென்ஸும் "ஜி" என்று முடியும் புதிய லென்ஸும் சந்தையில் இருக்கின்றன. "டி" லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் திருகைச் சுழற்றி ஃபோகஸ் செய்ய வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) இசட் கேமராவில், பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் வைத்தாலும் "டி" லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, பந்து போன பிறகு கையால் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்க நேரும்.

அபர்ச்சர் எண் (எஃப் எண்) சிறியதாக இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். கேனானின் இஎஃப் 85 எஃப் 1.2, 85 எஃப் 1.8-ஐவிட ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது இரு மடங்குக்கும் அதிகமான வெளிச்சம் தரும். ஆனால் அதற்குள் நகர வேண்டிய கண்ணாடித் தொகுதி கனமானது, ஃபோகஸ் மெல்ல ஊரும். முக ஓவியம் போன்ற படங்களுக்கு அது அருமை, ஆட்டத்துக்கு 1.8-தான். மேக்ரோ லென்ஸுக்கும் இதே கதிதான். அது மிகப் பக்கத்திலிருந்து தொலைவு வரை நீண்ட பாதையில் நகர வேண்டியிருப்பதால், ஒருமுறை ஃபோகஸ் தவறினால் திரும்பி வர நேரம் பிடிக்கும்.

இறகுப்பந்து உறைந்து நிற்க வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். 2023-இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த சாதனை ஸ்மாஷின் வேகம் மணிக்கு 565 கி.மீ. அந்த வேகத்தில் 1/2000 நொடிக்குள்ளேயே பந்து ஏறத்தாழ 8 செ.மீ. நகர்ந்துவிடும். மட்டையை ஓங்கிய கணத்தையோ பந்தைத் தொட்டு முடித்த கணத்தையோ பிடியுங்கள், முகமும் தோளும் கூர்மையாக இருக்கட்டும். தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்று வெளிறியும் அடுத்தது மஞ்சளாகவும் வந்தால் அது லென்ஸின் குற்றமில்லை. மின்விளக்குகள் நொடிக்கு 100 அல்லது 120 முறை துடிக்கின்றன, அந்தத் துடிப்பின் வெவ்வேறு இடங்களில் ஷட்டர் திறக்கிறது. கேமராவில் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 70-200 வாங்க முடிவு செய்துவிட்டேன். எஃப் 2.8-ஆ, எஃப் 4-ஆ?

பதில்: விளக்கொளியில் ஒரு ஆட்டமாவது எடுப்பீர்கள் என்றால் 2.8. பகலில் மட்டும்தான் என்றால் 4.

இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு ஸ்டாப்தான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு ஸ்டாப் இரவில் 1/500-க்கும் 1/1000-க்கும் உள்ள வித்தியாசம். ஓடுபவரின் முகம் 1/500-இலேயே பெரும்பாலும் தெளிவாக வந்துவிடும். உதைக்கும் காலுக்கு 1/1000 வேண்டும். பின்னணியில் இருக்கும் விளம்பரப் பலகையும் கூட்டமும் கரைந்து ஆள் மட்டும் எடுப்பாகத் தெரிவதிலும் 2.8-க்குத் தனி அழகு உண்டு. மறுபக்கம் எடை இருக்கிறது. கேனான் ஆர்எஃப் வரிசையில் எஃப் 4 சுமார் 695 கிராம், எஃப் 2.8 சுமார் 1070 கிராம். நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்தால் அந்த வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும்.

ஏன் இவ்வளவு கனம் என்று பலர் கேட்கிறார்கள். மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71. அந்த லென்ஸின் முன் கண்ணாடி குறைந்தது 71 மி.மீ. விட்டம் இருந்தே தீர வேண்டும். 400 எஃப் 2.8-க்கு அதுவே 143 மி.மீ. இதில் எந்த கம்பெனியும் குறுக்கு வழி கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: கால்பந்துப் படங்களுக்கு 150-600 எஃப் 5-6.3 வாங்கலாமா? கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் மூலையோரம் உட்கார்ந்து எடுப்பேன். ஒரே கேமராதான், ஃபுல் ஃபிரேம். ஆட்டங்கள் மாலை நான்கு மணிக்குத் தொடங்கி இருட்டும் வரை போகும்.

பதில்: இதற்கு நேரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் தூரம். பெரிய மைதானம் 105-க்கு 68 மீட்டர். நீங்கள் உட்காரும் கோல் கோட்டிலிருந்து நடுக்கோடு 52.5 மீட்டர், பெனால்டி பகுதியின் விளிம்பு 16.5 மீட்டர். பூஜ்யம் சேர்க்கும் கணக்கில் நடு மைதானத்துக்கு 500, கோல் முன்னால் நடக்கும் தள்ளுமுள்ளுக்கு 150-லிருந்து 200. தொழில்முறையாளர்கள் தோளில் இரண்டு கேமராக்களைத் தொங்கவிட்டிருப்பது இதனால்தான். ஒன்றில் 400, மற்றொன்றில் 70-200. பந்து பாதி மைதானத்தைத் தாண்டி வந்ததும் கையிலிருப்பதை விட்டுவிட்டு மற்றதை எடுப்பார்கள். ஒரே கேமராவோடு இருப்பவருக்கு 150-600 அந்த இரண்டு வேலையையும் ஓரளவு செய்து கொடுக்கும்.

அடுத்தது வெளிச்சம். மேகம் மூடிய பகலில் எஃப் 6.3-இல் 1/1000 நொடிக்கு ஐஎஸ்ஓ 1000 அளவில் போதும். படம் நன்றாகவே வரும். வெளிச்சம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் அந்த எண் இரட்டிக்கும்: 2000, 4000, 8000, 16000. சூரியன் இறங்கும் வேளையில் இந்த ஏணி மளமளவென்று ஏறும். இரண்டாம் பாதி ஆட்டத்தின் நடுவில் உங்கள் லென்ஸ் கையை விரித்துவிடும்.

ஆகவே எங்கள் தீர்ப்பு இது: இருட்டும் வரை எடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் 70-200 எஃப் 2.8-ஐ முதலில் வாங்குங்கள். நடு மைதான ஆட்டத்தை விட்டுவிடுங்கள், உங்கள் பக்கம் வரும் ஆட்டத்தை மட்டும் எடுங்கள். கோலும் கொண்டாட்டமும் அங்கேதான் நடக்கும். முதல் பாதி வெயிலில் எடுத்தால் போதும் என்பவருக்கு 150-600 குறையே சொல்ல முடியாத லென்ஸ். சிக்மாவின் இலகுவான வகை 1.9 கிலோவுக்குச் சற்று மேல், சோனியின் 200-600 சுமார் 2.1 கிலோ. சோனியுடையது ஜூம் செய்யும்போது நீளாது. மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கியில்) வைத்துத் திருப்பும்போது எடை முன்னால் சாயாமல் இருப்பதன் அருமை இரண்டு மணி நேரம் கழித்துத் தெரியும். மோனோபாட் வாங்கினால், லென்ஸின் வளையக் காலில்தான் அதை மாட்ட வேண்டும். கேமராவின் அடியில் மாட்டினால் மொத்தக் கனமும் லென்ஸ் பூட்டும் வளையத்தில் இறங்கும்.

கேள்வி: என் லென்ஸில் 5 ஸ்டாப் ஸ்டெபிலைசர் இருக்கிறது. 1/125-இல் எடுத்தால் வலையும் சுவரும் கத்தி மாதிரி கூர்மை. ஆள் மட்டும் கலங்கல். பழுதா?

பதில்: பழுதே இல்லை. ஸ்டெபிலைசர் நிறுத்துவது உங்கள் கை நடுக்கத்தை. ஆட்டக்காரரை அது ஒன்றும் செய்யாது.

நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்காக ஓடுபவர் 1/125 நொடியில் 8 செ.மீ. நகர்கிறார். படம் 3.6 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது, சென்சார் 6000 பிக்சல் அகலம் என்றால், அந்த 8 செ.மீ. படத்தில் 133 பிக்சல் நீளத்துக்கு இழுபடும். 1/1000-இல் 17 பிக்சல், 1/2000-இல் 8. முன்னால் வீசும் கால் உடலைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் போகும். தரையில் ஊன்றிய காலோ அசையாமல் நிற்கும். அதனால்தான் ஒரே படத்தில் ஒரு ஷூ எழுத்து படிக்கும் அளவுக்குத் தெளிவாகவும் மற்றது புகையாகவும் இருக்கிறது. உங்களை நோக்கி நேராக ஓடி வருபவருக்கு இந்த இழுப்பு மிகக் குறைவு. 1/500-லேயே தப்பித்துவிடலாம்.

1/1000-க்கு மேல் போய்விட்டால் ஸ்டெபிலைசருக்கு அதிக வேலை இல்லை. ஆனாலும் வியூஃபைண்டரில் காட்சி ஆடாமல் நிற்பதால் குறிபார்ப்பது சுலபம். லென்ஸில் நிலை மாற்றும் சுவிட்ச் இருந்தால் முதல் நிலையை விட்டுவிடுங்கள். கேனானில் மூன்றாம் நிலை, நிக்கானில் ஸ்போர்ட் நிலை என்று இருப்பவை இதற்காகவே செய்யப்பட்டவை. முதல் நிலையில் நீங்கள் சட்டென்று திரும்பும்போது அதையும் நடுக்கம் என்று நினைத்து லென்ஸ் எதிர்ப்பக்கம் இழுக்கும்.

கேள்வி: 70-200 எஃப் 2.8 வைத்திருக்கிறேன். ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கும்போதே ஃபோகஸ் பின்னால் இருக்கும் கூட்டத்துக்குத் தாவிவிடுகிறது. திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. லென்ஸை மாற்ற வேண்டுமா?

பதில்: லென்ஸை மாற்றும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே சரியாகிவிடும்.

லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லை சுவிட்ச் இருக்கும். அது "முழுமை" என்ற நிலையில் இருந்தால், ஃபோகஸ் தவறும்போது லென்ஸ் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தேடிப்போகும். சில மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடும் நிலைக்குத் தள்ளுங்கள். ஆட்டக்காரர் யாரும் ஒரு மீட்டர் தூரத்தில் வந்து நிற்கப்போவதில்லை.

அடுத்து, தொடர் ஃபோகஸில் குறுக்கீட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் மசிவது என்ற அமைப்பு. ஒருவர் குறுக்கே ஓடினாலும் பழைய ஆளையே பிடித்துக்கொண்டிரு என்று சொல்வதுதான் நமக்கு வேண்டியது. இங்கே எண்கள் ஏமாற்றும். நிக்கானில் 5 என்றால் தாமதமாக மாறும், 1 என்றால் உடனே தாவும். சோனியில் நேர்மாறு: 1 என்றால் கெட்டியாகப் பிடிக்கும், 5 என்றால் தாவும். நண்பர் சொன்ன எண்ணை வேறு கம்பெனி கேமராவில் அப்படியே வைத்துவிட்டுத் திண்டாடுபவர்கள் உண்டு.

மூன்றாவது, ஃபோகஸ் பரப்பு. முழுத் திரையையும் கேமராவிடம் ஒப்படைத்துவிட்டால் பழைய கேமராக்கள் எழுத்தும் கோடும் நிறைந்த விளம்பரப் பலகையைத்தான் தேர்ந்தெடுக்கும். அதில் மாறுபாடு அதிகம். ஒரு புள்ளியும் அதைச் சுற்றிய சிறு கூட்டமும் என்ற அளவில் வைத்து, அதை ஆட்டக்காரரின் நெஞ்சின் மேல் நிறுத்துங்கள். ஆளையும் கண்ணையும் கண்டறியும் புதிய மிரர்லெஸ் கேமராவில் பரப்பைப் பெரிதாக்கலாம்.

நான்காவது, ஃபோகஸைப் பின்பக்க பட்டனுக்கு மாற்றுவது. கட்டைவிரலை எடுத்தால் ஃபோகஸ் அதே இடத்தில் நிற்கும். நடுவர் குறுக்கே வரும்போது விரலைத் தூக்கிவிட்டு மறுபடி வைக்கலாம். கைக்குப் பழக இரண்டு மூன்று ஆட்டங்கள் பிடிக்கும். பழகியவர் யாரும் பழைய முறைக்குத் திரும்ப மாட்டார்.

இதெல்லாம் செய்தும் படங்கள் எப்போதும் ஆளுக்கு ஒரு அடி பின்னால்தான் கூர்மையாக வருகின்றன, அதுவும் டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள) கேமரா என்றால், லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே அளவு பிசகியிருக்கலாம். ஃபோகஸ் நுண்திருத்தம் என்ற அமைப்பில் சரிசெய்யலாம். 200 மி.மீ., எஃப் 2.8-இல் 20 மீட்டர் தூரத்துக்குக் கூர்மையான ஆழம் சுமார் 1.7 மீட்டர், 10 மீட்டருக்கு வெறும் 42 செ.மீ. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வருபவர், நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 80 செ.மீ. நெருங்கிவிடுகிறார். ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் நகர்ந்தே ஆக வேண்டும். விளையாட்டு லென்ஸில் மோட்டாரைப் பற்றி இவ்வளவு பேசுவது இதனால்தான்.

கேள்வி: 70-200 எஃப் 2.8-இல் 2 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் கூடுதல் லென்ஸ்) போட்டால் 400 எஃப் 2.8 ஆகிவிடுமா?

பதில்: 400 ஆகும், 2.8 இருக்காது. 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப்பையும், 2 மடங்கு கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப்பையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 140-400 எஃப் 5.6. ஃபோகஸ் வேகமும் குறையும், லென்ஸில் இருக்கும் சிறு குறைகளும் பெரிதாகத் தெரியும். 1.4-ஐத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். 2 மடங்கை வெயில் நாளில், வேறு வழியில்லாதபோது மட்டும். எஃப் 5.6 லென்ஸில் 1.4 போட்டால் எஃப் 8 ஆகிவிடும். பல டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் அங்கே தானியங்கி ஃபோகஸ் நின்றுவிடும். மிரர்லெஸில் வேலை செய்யும்.

பொருந்துமா என்பதை முதலில் பாருங்கள். கேனான் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8-இன் 2019 மாடலில் கன்வெர்ட்டர் நுழையவே நுழையாது. ஆர்எஃப் 100-500-இல் 300-க்கு மேல் ஜூம் செய்த நிலையில்தான் பொருந்தும். சோனி கேமராவுக்கு சிக்மா, டாம்ரான் செய்யும் லென்ஸ்களில் கன்வெர்ட்டர் போட வழியில்லை. அதே லென்ஸ்களோடு சோனியின் அதிவேகக் கேமராக்கள் நொடிக்கு 15 படத்தோடு நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: கிரிக்கெட். எல்லைக்கோட்டிலிருந்து 600 மி.மீ.-இல் எடுக்கிறேன். காலையில் எடுத்தவை அருமை. மதியம் எடுத்த எதுவும் கூர்மையாக இல்லை. லென்ஸ் சூடானால் இப்படி ஆகுமா?

பதில்: சூடானது உங்களுக்கும் பிட்ச்சுக்கும் நடுவே இருக்கும் காற்று. வெயிலில் தரையை ஒட்டிய காற்று அலையலையாக எழும்பும். 70 மீட்டர் தொலைவுக்கு அதன் ஊடாகப் பார்க்கும்போது கோடுகள் நெளியும். படத்தைப் பெரிதாக்கி ஸ்டம்புகளின் ஓரத்தைப் பாருங்கள்; அடுத்தடுத்த படங்களில் வெவ்வேறு விதமாக வளைந்திருந்தால் இதுதான் காரணம். எந்த லென்ஸும் இதற்கு மருந்தில்லை, ஷட்டர் வேகமும் உதவாது. தரையில் படுத்து எடுப்பதை விட்டு, முடிந்தால் உயரமான இடத்துக்கு ஏறுங்கள். மதியத்தில் பக்கத்தில் நிற்கும் ஃபீல்டர்களை எடுத்துவிட்டு, பேட்டிங்கைக் காலைக்கும் மாலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பைக் பந்தயத்தில் பின்னணி கோடுகோடாக ஓடும் படத்துக்கு என்ன லென்ஸ்?

பதில்: இருப்பதே போதும். 1/125 அல்லது 1/60 நொடியில் வண்டியோடு சேர்ந்து கேமராவைத் திருப்பி எடுப்பது இது. பெரிய அபர்ச்சருக்கு இங்கே வேலையில்லை. வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/125 என்றால் ஏறத்தாழ எஃப் 14-இல் நிற்கும். 1/60-க்கு இறங்கினால் எஃப் 20-ஐத் தாண்டிவிடும். அங்கே படம் மங்கத் தொடங்கும். வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று மாட்டினால் எஃப் 11-க்குள் வந்துவிடலாம். ஸ்டெபிலைசரை இரண்டாம் நிலையில் வையுங்கள்.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய பழைய லென்ஸ் ஒன்று விலைக்குக் கிடைக்கிறது, 70-200 எஃப் 2.8. வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் கேமராவையும் ஒரு சிறு டார்ச்சையும் எடுத்துப் போங்கள். அரை மணி நேரம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பின்மூடியைக் கழற்றி, அபர்ச்சர் முழுதாகத் திறந்த நிலையில் ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து மறுமுனை வழியாகச் சாய்வாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, அந்த லென்ஸ் வேண்டாம். பால் ஊற்றியது போன்ற வெண்மை படர்ந்திருந்தாலும் வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே வைத்தால் அது படத்தை வெளிறச் செய்யும். பூட்டும் வளையத்தின் திருகுகளில் கீறல் இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று பொருள். ஏன் பிரித்தார்கள் என்று கேளுங்கள்.

பிறகு மாட்டி, தொடர் ஃபோகஸில் வைத்து, 3 மீட்டரில் உள்ள பொருளுக்கும் தொலைவில் உள்ள பொருளுக்கும் மாற்றி மாற்றி இருபது முறை ஃபோகஸ் செய்யுங்கள். கிறீச்சென்ற சத்தமோ, நடுவே தயங்கி நிற்பதோ மோட்டார் தேய்ந்ததற்கு அறிகுறி. இந்த வகை லென்ஸில் செலவு வைப்பது அதுதான், சில பழைய மாடல்களுக்கு மாற்று மோட்டாரும் கிடைப்பதில்லை. ஷட்டர் 1/15-இல் வைத்து ஸ்டெபிலைசரைப் போட்டும் அணைத்தும் பத்துப் பத்துப் படம் எடுத்தால் அது வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு செங்கல் சுவரையோ எழுத்து நிறைந்த பெரிய பலகையையோ நேர் எதிரே நின்று 200-இல், எஃப் 2.8-இல் எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கலங்கியிருந்தால் எப்போதோ கீழே விழுந்து உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. வெளியே பெயின்ட் உரிந்திருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். மைதானத்தில் உழைத்த லென்ஸ் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: முன்கண்ணாடியைக் காப்பாற்ற யுவி ஃபில்டர் போடவா?

பதில்: ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் குழல்) போடுங்கள். நீண்ட லென்ஸில் மலிவான ஃபில்டர் கூர்மையைக் கெடுக்கும், இரவு ஆட்டத்தில் மின்கோபுர விளக்குகளின் பிம்பத்தைப் படத்தின் நடுவே கொண்டுவந்து போடும். மண்ணும் உப்புக்காற்றும் அடிக்கும் இடத்தில் மட்டும் தரமான ஒன்றைப் போட்டுக்கொண்டு, திரும்பியதும் கழற்றிவிடுங்கள்.